பழைய பேடைத் தூக்கிப் போடாதீங்க

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் ஒரு கடலூர் மெக்கானிக்கின் பதில்களும்

கேள்வி: எங்களிடம் 2016 மாடல் மாருதி ஈக்கோ இருக்கிறது. 61,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று வாரமாக வண்டி ஓடும்போது முன் இடது பக்கம் கீச்சென்று சத்தம். பிரேக் மிதித்தால் நின்றுவிடுகிறது, காலை எடுத்தால் மறுபடி வருகிறது. முன் டிஸ்க் பிரேக் பேடு (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகட்டை அழுத்திப் பிடிக்கும் துண்டு) தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். பேடை வீட்டிலேயே மாற்றலாமா? மகன், "பிரேக்கில் கை வைக்காதீங்கப்பா" என்கிறான்.
– ஆர்.கே., புதுப்பாளையம், கடலூர்

பதில்: மாத்தலாம். ஆனா உங்க மகன் சொல்றதிலும் பாதி நியாயம் இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல சத்தம். கால் வெச்சா நிக்குது, எடுத்தா வருதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரியிலேயே விஷயம் தெரிஞ்சுபோச்சு. நிறைய பேடுகளில் ஓரத்தில் சின்னதா ஒரு தகர நாக்கு இருக்கும். பேடோட இரும்புத் தகட்டில் ஒட்டியிருக்கிற லைனிங் தேய்ஞ்சு 2, 3 மில்லிமீட்டர் கிட்ட வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கை உரச ஆரம்பிச்சுடும். மிதிச்சா பேடு இறுக்கிப் பிடிக்கும், நாக்கு அதிர்றது அடங்கும், சத்தம் நிக்கும். இதுவே மிதிக்கும்போது கரகரன்னு இரும்பை ராவுற சத்தமா இருந்தா, லைனிங் முழுக்கப் போய் தகடு நேரா டிஸ்க்கில் ஏறிடுச்சுன்னு அர்த்தம். அந்த வண்டியைத் தெருமுனை வரைக்கும்கூட எடுக்காதீங்க.

இப்போ தரை. உங்க வாசல் சிமெண்டா மண்ணான்னு நீங்க எழுதலை. ஸ்பேனர் சைஸைவிட எனக்கு அதுதான் முதல்ல தெரியணும்.

2003-ல் தேவனாம்பட்டினத்தில் ஒரு மீன் வியாபாரி வீட்டு வாசலுக்கு வேலைக்குப் போனேன். வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவர முடியாது, விடியக்காலை லோடு இருக்குன்னு சொன்னார். கடற்கரை மணல். ஜாக்கிக்கு அடியில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு வெச்சேன், அவ்வளவுதான். சக்கரத்தைக் கழட்டியாச்சு, பேடுகளைத் தாங்கியிருக்கிற கவ்வி, அதாவது காலிப்பருக்கு அடியில் கையை விட்டு போல்ட்டைத் தடவிக்கிட்டிருந்தேன். உதவிக்கு வந்த பையன், "அண்ணே, 14-ஆ 12-ஆ?"ன்னு பின்னாடியிருந்து கேட்டான். ஸ்பேனரை வாங்கிப் பார்க்கலாம்னு கையை வெளியே எடுத்துத் திரும்பினேன். பலகை ஒரு பக்கமா அமுங்கி, ஜாக்கி சாய்ஞ்சு, வண்டி பொத்துன்னு உட்கார்ந்தது. டிஸ்க் நாலு விரல் ஆழத்துக்கு மணலில் இறங்கிப்போச்சு. கை இருந்த இடத்தில் டிஸ்க் இருந்தது. அந்தப் பையன் கேள்வி கேட்கலைன்னா இந்தப் பக்கத்தை நான் இடது கையால் எழுதிக்கிட்டிருப்பேன்.

அன்னைக்கு அந்த வீட்டம்மா சொம்பில் தண்ணி கொடுத்தாங்க. சொம்பைப் பிடிக்க முடியலை, கை அப்படி நடுங்குது.

அதனால கெட்டித் தரை இல்லைன்னா வீட்டில் செய்யாதீங்க. சிமெண்ட் தரையா இருந்தாலும் வண்டியோட வந்த ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க. அது ஸ்டெப்னி மாத்தக் கொடுத்தது. ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு வாங்கிக்குங்க. ஜாக்கியால் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டை வெச்சு, வண்டியை அது மேல இறக்கி உட்கார வெச்சு, அசைச்சுப் பார்த்துட்டு அப்புறம் கையை விடுங்க. செங்கல், ஹாலோ பிளாக் ரெண்டும் கூடாது. சொல்லிட்டு உடையாது, படீர்னு உடையும். கழட்டின சக்கரத்தையும் படுக்க வெச்சு வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டுடுங்க. எல்லாம் கைவிட்டாலும் வண்டி அந்த டயர் மேலதான் விழும்.

ஈக்கோ பின்சக்கரத்தில் இழுக்கிற வண்டி, அதில் உங்களுக்கு ஒரு வசதி. முன்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரத்தைத்தான் பிடிச்சிருக்கும், கியரில் போட்டா அதுவும் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். ரெண்டையும் போட்டுட்டு பின் டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க. வீல் நட்டை வண்டி தரையில் நிக்கும்போதே அரைச் சுற்று இளக்கிடுங்க. தூக்கினப்புறம் இளக்கப் போனா சக்கரம் சுத்தும், வண்டி ஆடும்.

பேடு வாங்கும்போது ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்த செட்டா வாங்குங்க. இடது பக்கம் மட்டும்தான் கத்துதுன்னு ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். மாத்தும்போது மட்டும் ஒரு பக்கத்தை முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. எந்தக் கிளிப் எப்படி உட்கார்ந்திருந்ததுன்னு சந்தேகம் வந்தா மறுபக்கத்தைப் பார்த்துக்கலாம். ஆலையில் இருந்தவர், உங்களுக்கு இது தெரிஞ்சதுதான்.

காலிப்பரில் பின்பக்கமா ரெண்டு போல்ட் இருக்கும். கீழ் போல்ட்டை மட்டும் கழட்டி, காலிப்பரை மேல மடக்கி வெச்சு பேடை மாத்திடலாம். அவசரத்தில் எல்லாரும் செய்றது அதுதான். நான் ரெண்டையும் கழட்டுவேன். போல்ட்டைத் திருப்பும்போது அதோட சேர்ந்து, காலிப்பர் வழுக்கி நகர்ற பின்னும் (ஸ்லைடு பின்) சுத்த ஆரம்பிச்சா, பின்னோட தலையை ஒரு பிளாட் ஸ்பேனரால் பிடிச்சுக்கணும். கழட்டின காலிப்பரை ஓஸ் பைப்பில் தொங்கவிடாதீங்க. ரப்பருக்குள்ள இருக்கிற விரிசல் வெளியே தெரியாது. ஒரு கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் மாட்டி விடுங்க.

தூசியை வாயால ஊதாதீங்க, கம்ப்ரசர் ஏர் பிடிக்காதீங்க. பழைய சரக்கில் அஸ்பெஸ்டாஸ் கலந்தது உண்டு. மூக்கைக் கட்டிக்கிட்டு ஈரத் துணியால் துடைங்க, இல்லைன்னா பிரேக் கிளீனர் ஸ்பிரே அடிங்க. டீசலோ மண்ணெண்ணெயோ ஊத்திக் கழுவுற பழக்கம் நம்ம ஊர் ஷெட்டுகளில் நிறைய இருக்கு. நானும் பத்து வருஷம் அப்படித்தான் கழுவினேன். அது பட்டா காலிப்பருக்குள்ள இருக்கிற ரப்பர் ஊறிப்போய் உப்பிடும்.

இனிமேதான் முக்கியமான இடம். புது பேடு கனமா இருக்கும், அதனால காலிப்பரில் பேடைத் தள்ளுற பிஸ்டனை உள்ள தள்ளினாத்தான் காலிப்பர் பேடு மேல ஏறும். பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்துக்குங்க. பிஸ்டன் உள்ள போகப் போக டப்பாவில் ஆயில் மேல வரும், வழியுற மாதிரி இருந்தா ஒரு சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துடுங்க. பெயிண்ட்டில் பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவணும், இல்லைன்னா பெயிண்ட் தோலா உரிஞ்சு வந்துடும். பழைய பேடை பிஸ்டன் முகத்தில் வெச்சு, அது மேல ஜி-கிளாம்ப் போட்டு மெதுவாத் திருப்புங்க. கால் சுற்று, நிறுத்து, கால் சுற்று. திருப்பும்போது கையில் என்ன தெரியுதுன்னு கவனிங்க. நல்ல பிஸ்டன் முரண்டு பிடிக்கும், ஆனா ஒரே சீரா இறங்கும். கொஞ்சம் இறங்கி, சிக்கி, டக்குனு ஒரு குதி குதிச்சு மறுபடி இறங்கினா உள்ள துரு. வெளியே ரப்பர் கிழிஞ்சிருக்கும், சுத்திப் பாருங்க. அப்படின்னா அன்னைக்கு பேடு மட்டும் மாத்திட்டு எழுந்திருக்காதீங்க. காலிப்பரைக் கழட்டி சீல் கிட் போடணும். அது வீட்டு வாசலில் செய்ற வேலை இல்லை. ஏர் எடுக்கணும், அதாவது பிரேக் ஆயிலுக்குள்ள ஏறின காத்தை வெளியேத்தணும், அதுக்கு ஆள் வேணும்.

பிஸ்டன் சரியா இருந்தா ரெண்டு பின்னையும் ரப்பரிலிருந்து உருவிப் பாருங்க. பளபளன்னு, கிரீஸ் ஈரத்தோட வழுக்கிக்கிட்டு வரணும். கடலூர் ஓ.டி.யிலும் (முதுநகர்) தேவனாம்பட்டினத்திலும் ஓடுற வண்டிகளில் அப்படி வர்றது அபூர்வம். உப்புக் காத்து ஒருபக்கம், ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டுற மீன் தண்ணி ஒருபக்கம். பின் பழுப்பேறி, இழுத்தா வராம, முறுக்கினாத்தான் வரும். உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்துட்டு, பள்ளம் விழுந்திருந்தா புதுப் பின் போடுங்க. தடவுறது சிலிகான் கிரீஸா இருக்கட்டும். வீல் பேரிங்குக்குப் போடுற மஞ்சள் கிரீஸ் கைக்குக் கிடைக்குதேன்னு அதைத் தடவினா, ஆறே மாசத்தில் ரப்பர் உப்பி பின்னை இறுக்கிப் பிடிச்சுக்கும். கிரீஸ் போட்டதாலேயே பின் பிடிச்சுக்கிட்ட வண்டிகள் என் ஷெட்டுக்கு எத்தனையோ வந்திருக்கு.

டிஸ்க்கை நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்க. நகம் விழுற அளவுக்குப் பள்ளம் இருந்தா லேத்துக்குக் கொண்டுபோங்க. எவ்வளவு கனத்துக்குக் கீழே போகக்கூடாதுன்னு டிஸ்க்கிலேயே பொறிச்சிருக்கும். அந்த எழுத்தைத் துரு மூடியிருந்தா கம்பி பிரஷ் போடுங்க. டிஸ்க் அந்தக் கனத்துக்குக் கீழே போயிருந்தா புது டிஸ்க்தான், லேத்துக்காரர் "இன்னும் ஒரு வாட்டி ஓட்டலாம் சார்"னு சொல்வார், கேட்காதீங்க.

புது பேடை எண்ணெய்க் கையால் தொடாதீங்க. தகர நாக்கு இருக்கிற பேடு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம், பெரும்பாலும் பிஸ்டன் பக்கம். கிளிப்பெல்லாம் பழைய இடத்தில். பேடு அதன் தடத்தில் கையால தள்ளினா நகரணும். சுத்தியால் தட்டித்தான் இறங்குதுன்னா ஒண்ணு தடத்தில் துரு, இல்லை வேற வண்டி பேடு. நட்டை எதிரெதிரா மாத்தி மாத்தி இறுக்குங்க. வண்டியோட வந்த ஸ்பேனரில் கை பலம் போதும், மேல ஏறி மிதிக்க வேண்டாம். 50, 100 கி.மீ. ஓடினதும் ஒரு தடவை சரிபாருங்க.

வண்டியை இறக்கினதும் சாவியைத் திருப்பாதீங்க. முதல்ல பிரேக் பெடலை மிதிங்க. பிஸ்டன் உள்ளேயே தள்ளி நிக்குது, முதல் மிதியில் பெடல் தரை வரைக்கும் போகும். நாலைஞ்சு தடவை மிதிச்சா மேல வந்து கெட்டியாகும். இதை மறந்துட்டு ரிவர்ஸ் எடுத்தவர் ஒருத்தர் மஞ்சக்குப்பத்தில் தன் காம்பவுண்டு சுவரை, தானே கட்டின சுவரை, தானே இடிச்சார். பெடல் கெட்டியானதும் டப்பாவில் ஆயில் அளவைப் பார்த்து மூடியைப் போடுங்க. எத்தனை மிதிச்சும் பஞ்சு மாதிரியே இருந்தா ஏர் ஏறியிருக்கு, வண்டியை எடுக்காதீங்க.

முதல் 200, 300 கி.மீ. வரைக்கும் முடிஞ்சவரை சட்டுனு அழுத்திப் பிடிக்காதீங்க. ஆளில்லாத ரோட்டில் 50-லிருந்து 10 வரைக்கும் மிதமா மிதிச்சுக் குறைக்கணும், முழுசா நிறுத்தாம மறுபடி வேகம் எடுக்கணும், இப்படி இருபது முப்பது தடவை, நடுவில் கொஞ்சம் ஆறவிட்டு. பேடு டிஸ்க்கோட முகம் பழகிக்கும். புது பேடு போட்ட அன்னைக்கே கேப்பர் மலை இறக்கத்தில் சோதிச்சுப் பார்க்கிறேன்னு போறவங்க இருக்காங்க. வேண்டாம். மேல ஜெயில், கீழே ஆஸ்பத்திரின்னு எங்க பக்கத்துப் பசங்க கிண்டல் பண்ணுவாங்க.

உங்க மகன் சொன்னதில் பாதி நியாயம்னு சொன்னேன் இல்லையா. பேடு மாத்துறது அரை மணி வேலை. என்கிட்ட சேர்ந்து ஆறு மாசமான பையன் செய்வான். ஆனா கழட்டின பழைய பேடை அவன் மூலையில் வீசிடுவான், நான் போய் எடுத்துட்டு வருவேன். வித்தியாசம் அங்கதான். நாலு பேடையும் கழட்டின வரிசை மாறாம தரையில் வைங்க: இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி. சாக்பீஸால எழுதியே வெச்சுடுங்க.

உள் பேடு தீர்ந்துபோய் வெளி பேடு பாதி மிச்சம் இருக்கா? பின் பிடிச்சிருக்கு. ஈக்கோ மாதிரி வண்டியில் காலிப்பருக்கு ஒரு பக்கம்தான் பிஸ்டன். அது உள் பேடைத் தள்ளும், காலிப்பர் பின் மேல வழுக்கி வந்து வெளி பேடை இழுக்கும். வழுக்கலைன்னா எல்லா வேலையும் உள் பேடு தலையில். ஒரே பேடு மேல ஒரு கனமும் கீழே ஒரு கனமுமா ஆப்பு மாதிரி தேய்ஞ்சிருந்தா ஒரு பின் மட்டும் சிக்கியிருக்கு. இடது ஜோடி தேய்ஞ்சு வலது ஜோடி புதுசு மாதிரி இருந்தா, ஒண்ணு இடது பிஸ்டன் விடாம பிடிச்சே இருக்கு, இல்லை வலது பிஸ்டன் வேலையே செய்யலை. முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தா சூட்டில் வெந்திருக்கு. ஓட்டுறவர் பிரேக் பெடலிலேயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டுறவரா இருக்கும், அது நீங்களா மகனான்னு எனக்குத் தெரியாது.

நாலும் ஒரே கனத்தில் தேய்ஞ்சிருந்தா 61,000-க்கு நல்ல உழைப்பு உழைச்சிருக்கு, கவலையே படாம புதுசை மாட்டுங்க. உங்க கடிதத்தில் இடது பக்கம் மட்டும்னு இருக்கிறதால எனக்கு லேசா சந்தேகம். பார்த்துட்டு எழுதுங்க.

கேள்வி: புதுச்சேரியில் ஸ்பேர் பார்ட்ஸ் விலை குறைவு என்கிறார்கள். பிரேக் பேடு வாங்க அங்கே போகலாமா?
– எஸ்., நெல்லிக்குப்பம்

பதில்: ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலையில். அதுக்கு முன்னாடி வரி வித்தியாசத்தால் கொஞ்சம் லாபம் இருந்தது, இப்போ ரெண்டு ஊருக்கும் ஒரே வரி. கன்னியக்கோயிலில் பெட்ரோல் போடப் போறவங்க கூடவே வாங்கிட்டு வரலாம், தனியா போனா பஸ் காசு நஷ்டம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஸ்பேனர் வாங்குங்க, கிளாம்ப் வாங்குங்க, நானே வாங்கியிருக்கேன். பிரேக் பேடு மட்டும் பில் கொடுக்கிற கடையில். அட்டைப் பெட்டியைப் பிரிச்சு மறுபடி ஒட்டின தடம் இருந்தா, எழுத்து மங்கலா இருந்தா வேண்டாம்.

கேள்வி: 2024 பெஞ்சல் புயலில் தென்பெண்ணைத் தண்ணீர் வந்தபோது எங்கள் ஆம்னி வேன் ஒன்றரை நாள் சக்கரம் முழுக நின்றது. அப்போது சர்வீஸ் செய்தோம். இப்போது மழையில் போனால் பிரேக் முதலில் பிடிப்பதில்லை, நாலைந்து மிதிக்குப் பிறகு பிடிக்கிறது. முன் பேடு மாற்றியும் அப்படியே.
– கே., குண்டு உப்பலவாடி

பதில்: முன் பேடு மேல பழி போட்டுட்டீங்க. முன்பக்கம் டிஸ்க் திறந்தே இருக்கு, ரெண்டு சுற்றில் தண்ணியை உதறிடும். பின்பக்கம் டிரம், மூடின பாத்திரம். உள்ள போன தண்ணி சுலபமா வெளியே வராது. சேறு உள்ள தங்கியிருந்தா அது தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கும். சர்வீஸில் பின் டிரம்மைக் கழட்டினாங்களான்னு பில்லைப் பாருங்க. நான் அந்த டிசம்பரில் கழட்டின டிரம்களில் களிமண் அப்பிக்கிட்டிருந்தது, கத்தியால் சுரண்டி எடுத்தோம். டிரம்முக்குள்ள பிரேக் ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டரும் துருப்பிடிச்சிருக்கும், கூடவே பாருங்க.

இன்னொண்ணு, பிரேக் ஆயில். டப்பா மூடி வரைக்கும் தண்ணி ஏறலைன்னாலும், அந்த ஆயில் காத்திலிருந்தே ஈரத்தை இழுக்கும். அதோட குணம் அது. புது டாட் 4 ரக பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக்கூடாதுங்கிறது அளவு. ஈரம் ஏறினா 155 வரைக்கும் இறங்கலாம்னு அதே அளவில் இருக்கு. இறக்கத்தில் தொடர்ந்து மிதிச்சு சூடேறும்போது உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகும், பெடல் காலுக்கடியில் காணாமப் போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்தணும், கடற்கரை ஓர வண்டிக்குத் தள்ளிப்போடவே கூடாது. திறந்து வெச்ச பழைய டின்னில் மிச்சம் இருக்கேன்னு ஊத்தாதீங்க.

பாதையில் தண்ணியைக் கடந்து வந்தா, மெதுவா போய்க்கிட்டே இடது காலால் பெடலை லேசா அழுத்திப் பிடிச்சு நூறு அடி ஓட்டுங்க. சூட்டில் காஞ்சுடும். பின்னாடி யாரும் ஒட்டிக்கிட்டு வரலைன்னு பார்த்துட்டு.

கேள்வி: நான் மாவு, பலகாரம் போடும் தொழிலுக்கு ஆம்னி வைத்து நானே ஓட்டுகிறேன். பதினொரு மாதத்தில் மூன்று முறை முன் பேடு மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்தேன். வண்டி ஷெட்டில் நிற்கும்போது நான் உள்ளே போனால், "நீங்க உட்காருங்கம்மா" என்று நாற்காலி போடுகிறார்கள். என்ன கேட்பது என்றே தெரியவில்லை.
– ஜே., நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: நாற்காலியை டிஸ்க் பக்கத்தில் போடச் சொல்லுங்கம்மா.

ஒரு பாத்திரத்தில் மாவு, அதுக்கு மேல அடுக்கு, தினமும் நெரிசலான ரோட்டில் நின்னு நின்னு போற வண்டி. பேடு மத்தவங்களைவிட சீக்கிரம் தேயும், ஒத்துக்கிறேன். ஆனா பதினொரு மாசத்தில் மூணு செட் நியாயமே இல்லை. ரெண்டில் ஒண்ணு. பேடைத் தின்கிற கோளாறு ஒண்ணு காலிப்பரில் இருக்கு, அதை யாரும் பார்க்கலை. இல்லைன்னா பேடே மாத்தலை.

அடுத்த தடவை சக்கரத்தைக் கழட்டும்போதே சொல்லிடுங்க: "தம்பி, பழைய பேடு நாலும் எனக்கு வேணும், கவரில் போட்டுக் கொடுங்க." கேட்கிறதில் தப்பே இல்லை, உங்க காசில் வாங்கின பொருள். சிலர் முகம் சுளிப்பாங்க, சிலர் பழைய இரும்புக் கடைக்குப் போற சரக்கு போகுதேன்னு முணுமுணுப்பாங்க. வாங்கிக்குங்க. ரெண்டு ஒரு ரூபாய்க் காசை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா சுமார் மூணு மில்லிமீட்டர் கனம் வரும். இரும்புத் தகட்டை விட்டுட்டு அது மேல ஒட்டியிருக்கிற லைனிங் கனத்தை மட்டும் அதோட ஒப்பிட்டுப் பாருங்க. அதைவிடக் கனமா நாலும் இருந்தா மாத்தின அவசரம் என்னன்னு கேளுங்க. ஒண்ணு மட்டும் தீர்ந்து மத்தது தடியா இருந்தா புதுப்பாளையத்துக்காரருக்கு மேல எழுதின பதிலில் பின் சம்பந்தப்பட்ட இடத்தை அந்த மெக்கானிக்கிடம் காட்டுங்க.

உங்க கிட்ட இன்னும் பழைய பேடு ஏதாவது இருந்தா, ஷெட்டில் கேட்டு வாங்க முடிஞ்சா, பக்கவாட்டில் இருந்து போட்டோ எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்க. நாலையும் வரிசையா வெச்சு, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வெச்சு. எந்தக் காலிப்பர்னு சொல்லிடறேன்.

போன இதழ்த் திருத்தம்: பின் டிரம்மைக் கழட்டும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைக்கணும்னு அச்சாகியிருந்தது. நான் எழுதினது, விட்டு வைக்கணும். போட்டிருந்தா ஷூ விரிஞ்சு டிரம்மைப் பிடிச்சுக்கும், எவ்வளவு தட்டினாலும் வராது. அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு ரெண்டு மணி நேரம் தட்டினதா வில்லியனூரிலிருந்து ஒரு வாசகர் போன் பண்ணித் திட்டினார். ஹேண்ட் பிரேக்கை விட்டுட்டு, முன் டயருக்குக் கட்டை வெச்சுக்குங்க.